பவர்சேவில் வேகம் ஏறுகிறது, பெர்ஃபோமன்ஸில் இறங்குகிறது: என்ன நடக்கிறது?

வெள்ளவத்தையில் இருந்து பல்கலைக்கழக மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவரிடம் இருப்பது இன்டெல் ஐ5 8250யூ புரொசெசர் போட்ட பழைய லப்டொப், அதில் லினக்ஸ் வகையான உபுண்டு. இறுதியாண்டு புரொஜெக்டுக்காகப் பெரிய மென்பொருள் ஒன்றை அடிக்கடி கொம்பைல் செய்ய வேண்டியிருக்கிறது. பாடங்களில் எல்லாம் ஒன்டிமாண்ட், ஷெட்யூட்டில் என்று, புரொசெசரின் வேகத்தைத் தீர்மானிக்கும் பல கவர்னர்கள் வருகின்றன, அவருடைய கணினியில் பெர்ஃபோமன்ஸ், பவர்சேவ் என்ற இரண்டுதான் தெரிகின்றன. லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலைத் திரும்பக் கொம்பைல் செய்ய வேண்டுமா என்பது முதல் கேள்வி. பவர்சேவில் விட்டாலும் வேகம் 3 கிகாஹேர்ட்ஸைத் தாண்டுகிறது, பெர்ஃபோமன்ஸில் போட்டால் ஃபான் அலறி, கொஞ்ச நேரத்தில் வேகம் 2 கிகாஹேர்ட்ஸ் பக்கம் விழுந்துவிடுகிறது, இது ஏன் என்பது அடுத்தது. கரண்ட் போகிற நேரத்தில் பற்றரியைக் கூட நேரம் இழுக்க வழி இருக்கிறதா என்றும் கேட்கிறார்.

தம்பி, கேர்னலைத் தொட வேண்டாம். உங்களுக்குத் தேவையானது எல்லாம் ஏற்கெனவே அதற்குள் இருக்கிறது. கவர்னரைப் பற்றி யோசிப்பதற்கு முதல் எந்த டிரைவர் ஓடுகிறது என்று பாருங்கள். அதைப் பார்க்காமல் கவர்னரை மட்டும் மாற்றிப் பார்ப்பதால்தான் நிறையப் பேர் குழம்பிப் போகிறார்கள்.

லினக்ஸில் புரொசெசரின் மீடிறனை, அதாவது கிகாஹேர்ட்ஸில் சொல்லும் வேகத்தை, ஏற்றி இறக்கும் பகுதிக்குச் சிபியுஃப்ரெக் என்று பெயர். எவ்வளவு வேகம் வேண்டும் என்று தீர்மானிப்பது கவர்னர். அந்த முடிவைப் புரொசெசருக்கு அதன் முறைப்படி எடுத்துச் சொல்வது டிரைவர். இரண்டுக்கும் நடுவே ஒரு பொது அடுக்கு இருக்கிறது, நாம் பார்த்து மாற்றக்கூடிய கோப்புகளைத் தருவது அதுதான். சிஸ் என்ற கோப்புறையில் தொடங்கி டிவைசஸ், சிஸ்டம், சிபியு, சிபியுஃப்ரெக் என்று வரிசையாக உள்ளே போங்கள். பொலிஸி 0, பொலிஸி 1 என்று கோப்புறைகள் இருக்கும். எதையாவது திறந்தால் ஸ்கேலிங் டிரைவர் என்றொரு கோப்பு. உங்கள் கணினியில் அது இன்டெல் பிஸ்டேட் என்று காட்ட வேண்டும். இவ்வளவு தூரம் போக அலுப்பாக இருந்தால் சிபியுபவர் என்ற கருவியைப் போட்டு ஃப்ரீக்குவன்ஸி இன்ஃபோ கட்டளையைக் கொடுங்கள், எல்லாம் ஒரே இடத்தில் வரும்.

இன்டெல் பிஸ்டேட் 2013இல் கேர்னல் 3.9உடன் வந்த டிரைவர், சான்டி பிரிட்ஜ் தலைமுறையில் இருந்து பின்னால் வந்த இன்டெல் புரொசெசர்களுக்கானது. அது அக்டிவ் நிலையில் ஓடும்போது பொதுக் கவர்னர்களைக் கேட்பதே இல்லை, முடிவையும் தானே எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் உங்களுக்கு இரண்டே தெரிவுகள். அந்த இரண்டும்கூட பாடங்களில் சொல்லப்படும் அதே பெயர்க் கவர்னர்கள் அல்ல. பொதுக் கவர்னரான பவர்சேவ், வேகத்தைக் கீழெல்லையிலேயே கட்டிவைக்கும், என்ன வேலை வந்தாலும் ஏற்றாது. இன்டெல் பிஸ்டேட்டின் பவர்சேவ் வேலைக்கு ஏற்றபடி ஏறும், இறங்கும். ஆகவே பவர்சேவில் நீங்கள் 3 கிகாஹேர்ட்ஸுக்கு மேல் பார்த்தது பிழையே இல்லை. அது சரியாக வேலை செய்கிறது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. 2015இல் வந்த ஸ்கைலேக் தலைமுறையில் இருந்து இன்டெல் புரொசெசர்களுக்குள்ளேயே ஸ்பீட் ஷிஃப்ட் என்ற வசதி இருக்கிறது. உங்களுடையது 2017இல் வந்தது, அதிலும் உண்டு. இதில் ஒவ்வொரு கணமும் எந்த மீடிறனில் ஓடுவது என்பதைப் புரொசெசரே தீர்மானிக்கிறது. கேர்னல் கொடுப்பது ஒரு கீழெல்லை, ஒரு மேலெல்லை, அப்புறம் 0 முதல் 255 வரையிலான ஓர் எண். 0 என்றால் வேகம் முக்கியம், 255 என்றால் சிக்கனம் முக்கியம். அந்த எண்ணைத்தான் பொலிஸிகளுக்குள் இருக்கும் எனர்ஜி பெர்ஃபோமன்ஸ் பிரிஃபரன்ஸ் என்ற கோப்பு காட்டுகிறது. அதில் பெர்ஃபோமன்ஸ், பலன்ஸ் பெர்ஃபோமன்ஸ், பலன்ஸ் பவர், பவர் என்று சொல்லாகவும் எழுதலாம். என்னைக் கேட்டால், இந்த மாதிரி லப்டொப்பில் நீங்கள் பிடித்துத் திருப்ப வேண்டிய கைப்பிடி இதுதான். கவர்னரைப் பவர்சேவிலேயே விடுங்கள். மின்சாரத்தில் செருகியிருக்கும்போது பலன்ஸ் பெர்ஃபோமன்ஸ், பற்றரியில் பலன்ஸ் பவர். கவர்னர் பெர்ஃபோமன்ஸில் இருக்கும்போது இந்தக் கோப்பில் வேறு எதையும் எழுத விடாது, எழுதினால் பிழைச் செய்தி வரும். அது வந்தால் பயப்பட வேண்டாம், முதலில் கவர்னரை மாற்றிவிட்டுத் திரும்ப எழுதுங்கள்.

சரி, பொதுக் கவர்னர்களைப் பார்க்கத்தான் வேண்டும் என்றால் அதற்கும் கொம்பைல் தேவையில்லை. சிபியு கோப்புறைக்குள் இன்டெல் பிஸ்டேட் என்று தனியாக ஒரு கோப்புறை இருக்கிறது. அதில் ஸ்டேட்டஸ் என்ற கோப்பில் ரூட் என்ற நிர்வாகி உரிமையோடு பாசிவ் என்று எழுதினால் போதும், கணினியை நிறுத்தாமலே மாறிவிடும். நிரந்தரமாக வேண்டுமென்றால் கணினியைத் தொடக்கிவைக்கும் கிரப்பின் பூட் வரியில் இன்டெல் பிஸ்டேட் சமன் பாசிவ் என்று சேர்க்கலாம். அதன்பின் ஸ்கேலிங் டிரைவர் கோப்பு இன்டெல் சிபியுஃப்ரெக் என்று காட்டும், கவர்னர் பட்டியலும் நீளும்.

அந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டியது ஷெட்யூட்டில். ஒன்டிமாண்ட் 2004இல் இருந்தே இருக்கிறது. அது குறித்த இடைவெளிக்கு ஒரு தடவை புரொசெசர் எவ்வளவு நேரம் வேலையில் இருந்தது என்று அளந்து, ஓர் எல்லையைத் தாண்டினால் நேரே உச்ச வேகத்துக்குப் பாயும். கொன்சர்வேட்டிவ் அதையே படிப்படியாகச் செய்யும். ஷெட்யூட்டில் 2016இல் கேர்னல் 4.7உடன் வந்தது. அது தானாக எதையும் அளப்பதில்லை. எந்த வேலை எவ்வளவு புரொசெசர் நேரம் தின்கிறது என்ற கணக்கைக் வேலைகளைப் பங்கிடும் கேர்னலின் ஷெட்யூலர் எப்படியும் வைத்திருக்கிறது. அந்தக் கணக்கை அப்படியே எடுத்து, அதற்கு மேல் கால் பங்கு கூட்டி வேகம் கேட்கிறது. அதாவது புரொசெசரின் முழு ஆற்றலில் 80 வீதம் பாவனைக்கு வந்தாலே உச்ச வேகம் கேட்கப்படும். வேலையைப் பங்கிடுபவரும் வேகத்தைத் தீர்மானிப்பவரும் ஒரே கணக்கைப் பார்க்கிறார்கள் என்பதால் இது எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு. ஆனாலும் ஸ்பீட் ஷிஃப்ட் உள்ள இன்டெல் லப்டொப்பில் அக்டிவ் நிலையை விட்டுவிட்டு இதற்கு மாற வலுவான காரணம் ஒன்றும் இல்லை. ஏஆர்எம் வகைப் புரொசெசர் போட்ட சிறு கணினிப் பலகைகளில்தான் ஷெட்யூட்டிலின் அருமை தெரியும்.

கேர்னலைக் கொம்பைல் செய்வது எப்போது தேவைப்படும் என்றும் சொல்லிவிடுகிறேன். ஏதாவது ஒரு சிறு பலகைக்கு நீங்களே கேர்னல் கட்டும்போது, கட்டமைப்புப் பட்டியலில் பவர் மனேஜ்மென்ட் பகுதிக்குள் சிபியு ஃப்ரீக்குவன்ஸி ஸ்கேலிங் என்ற தலைப்பு வரும். எந்தக் கவர்னர்கள் உள்ளே இருக்க வேண்டும், எது தொடக்கத்தில் ஓட வேண்டும் என்று அங்கே தெரிவு செய்யலாம். தொடக்கக் கவர்னரை மட்டும் மாற்றுவதற்குக்கூட இப்போது அது தேவையில்லை, கேர்னல் 5.9இல் இருந்து பூட் வரியிலேயே சொல்லலாம். உபுண்டு தரும் கேர்னல் எந்தக் கட்டமைப்பில் கட்டப்பட்டது என்று பார்க்க வேண்டுமானால் பூட் கோப்புறையில் கொன்ஃபிக் என்று தொடங்கும் கோப்பைத் திறந்து பாருங்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வியின் மறுபாதி. பெர்ஃபோமன்ஸில் போட்டும் ஏன் வேகம் விழுகிறது? இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். கொழும்பில் இருக்கும் நமக்கு மற்ற எல்லாவற்றையும் விட இது முக்கியம்.

கவர்னர் கேட்பது ஒரு விருப்பம் மட்டுமே. அதற்கு மேலே இரண்டு அதிகாரிகள் இருக்கிறார்கள், மின்வலு எல்லையும் வெப்பநிலை எல்லையும். 8250யூவின் அடிப்படை வேகம் 1.6 கிகாஹேர்ட்ஸ், குறுகிய நேரத்துக்கு அதைத் தாண்டி ஓடும் டர்போவில் 3.4 வரை போகும். ஆனால் அது நீண்ட நேரத்துக்கு 15 வொட் என்ற கணக்கில் வடிவமைக்கப்பட்டது. குறுகிய நேரத்துக்கு அதற்கு மேலும் இழுக்க விடுவார்கள், வழக்கமாக அரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக. அந்தச் சலுகை முடிந்ததும் 15 வொட்டுக்குள் அடங்கும் வேகத்துக்கு இறங்கியே ஆக வேண்டும். நான்கு கோர்களும் முழு வேலையில் இருக்கும் கொம்பைலில் அது 2 கிகாஹேர்ட்ஸ் சொச்சமாகத்தான் இருக்கும். நீங்கள் பார்த்தது அதுதான். பெர்ஃபோமன்ஸ், பவர்சேவ் என்று எதைப் போட்டாலும் நீண்ட கொம்பைலில் இரண்டும் இதே எல்லையில் வந்து முட்டி நிற்கும், முடியும் நேரத்தில் பெரிய வித்தியாசம் வராது. சின்னச் சின்ன வேலைகள் விட்டுவிட்டு வரும்போதுதான் பெர்ஃபோமன்ஸ் கொஞ்சம் சுறுசுறுப்பாகத் தெரியும்.

அடுத்தது வெப்பம். இந்தப் புரொசெசர் 100 பாகை செல்சியஸைத் தொட்டால் தானாக வேகத்தைக் குறைக்கும். சிப்பின் சூட்டை இழுத்து வெளியே விடும் உலோகப் பாகமான ஹீட் சிங்க் எவ்வளவு வெப்பத்தை வெளியேற்றும் என்பது சிப்பின் வெப்பநிலைக்கும் அறையின் வெப்பநிலைக்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்தது. 22 பாகை ஏசி அறையில் அந்த இடைவெளி 78 பாகை. வெள்ளவத்தையில் பிற்பகல் நேரம் ஜன்னலைத் திறந்துவைத்து இருக்கும் 32 பாகை அறையில் அது 68. அதே ஹீட் சிங்க், அதே ஃபான், ஆனால் வெளியேற்றக்கூடிய வெப்பம் எட்டில் ஒரு பங்கு அளவு குறைந்துவிடுகிறது. சிப் சூடாக இருக்கும்போது உள்ளே கசியும் மின்னோட்டமும் கூடுகிறது, அதனால் அதே வேகத்துக்கே கூட வொட் தேவைப்படுகிறது. குளிர்நாட்டில் இருந்து எழுதப்படும் பரிசோதனைகளில் வரும் எண்களை நம் அறையில் எதிர்பார்க்க முடியாது.

அதோடு காலி வீதித் தூசும் கடற்கரை உப்புக்காற்றும் இருக்கின்றன. பழைய லப்டொப் என்கிறீர்கள், உள்ளே ஹீட் சிங்க்கின் இதழ்களுக்கு நடுவே தூசு மெத்தையாகப் படிந்திருக்க வாய்ப்பு அதிகம். கழற்றித் துடைத்து, சிப்பின் மேலுள்ள தெர்மல் பேஸ்ட்டை மாற்றிப் போடுவது எந்தக் கவர்னரையும் விடக் கூடப் பலன் தரும். இதைச் சும்மா சொல்லவில்லை. வெப்ப எல்லையில் முட்டி நிற்கும் கணினியில் மென்பொருளால் செய்யக்கூடியது மிகக் கொஞ்சம்தான்.

அந்தக் கொஞ்சத்தை எப்படிச் செய்வது? மேலெல்லையைக் குறைத்து. புரொசெசர் தின்னும் வலு, மீடிறனோடும் வோல்ற்றளவின் வர்க்கத்தோடும் பெருகுகிறது. உச்ச வேகத்துக்குப் போகும்போது வோல்ற்றளவையும் ஏற்ற வேண்டும், ஆகவே கடைசிச் சில நூறு மெகாஹேர்ட்ஸ்தான் மிக அதிக விலை கேட்பவை. ஒரு கணக்குக்கு, மீடிறனை 20 வீதம் குறைத்து, அதனால் வோல்ற்றளவு 10 வீதம் குறைகிறது என்று வையுங்கள். 0.8ஐ 0.9 இன் வர்க்கத்தால் பெருக்கினால் 0.65 அளவு வரும். வேகத்தில் ஐந்தில் ஒன்றை விட்டுக்கொடுத்து, வலுவில் மூன்றில் ஒன்றுக்கு மேல் மிச்சம் பிடிக்கிறோம். நீண்ட கொம்பைல் எப்படியும் 2 சொச்சத்தில்தான் ஓடப்போகிறது, மேலெல்லையை 2.7இல் வைத்தால் நீங்கள் இழப்பது அந்த ஆரம்ப அரை நிமிடத் துள்ளலை மட்டுமே. ஃபான் அலறுவதும் குறையும், மடியில் வைக்க முடியாத சூடும் குறையும்.

இதற்கு இன்டெல் பிஸ்டேட் கோப்புறையில் மக்ஸ் பெர்ஃப் பிசிடி என்ற கோப்பு இருக்கிறது. அதில் 80 என்று எழுதினால் உங்கள் 3.4 கிகாஹேர்ட்ஸ் ஏறத்தாழ 2.7 ஆகிவிடும். பொலிஸிகளுக்குள் இருக்கும் ஸ்கேலிங் மக்ஸ் ஃப்ரெக் கோப்புகளிலும் எழுதலாம், ஆனால் அங்கே அலகு கிலோஹேர்ட்ஸ், 2700000 என்று எழுத வேண்டும், அதுவும் எட்டுப் பொலிஸிக்கும். சிபியுபவர் கருவியின் ஃப்ரீக்குவன்ஸி செட் கட்டளை அந்த எட்டையும் ஒரேயடியாகச் செய்துவிடும். அதே கோப்புறையில் நோ டர்போ என்று இன்னொன்று கண்ணில் படும். அதில் 1 போட்டால் டர்போ முழுதாக நிற்கும். உங்கள் புரொசெசரில் அடிப்படை வேகம் மிகத் தாழ்வு என்பதால் அது எனக்குச் சரியாகப் படவில்லை. கரண்ட் எப்போது வரும் என்று தெரியாத இரவில் எழுத்து வேலை மட்டும் பார்க்கிறீர்கள் என்றால் போடலாம்.

பற்றரிக் கேள்விக்கும் இதே மேலெல்லைதான் விடை. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களை நாம் எல்லோரும் கடந்து வந்திருக்கிறோம், அந்தப் பயம் நியாயமானது. டிஎல்பி என்ற தொகுப்பைப் போட்டால், செருகியிருக்கும்போது ஒரு அமைப்பு, பற்றரியில் வேறொரு அமைப்பு என்று எழுதி வைக்கலாம், கரண்ட் போன உடனே தானாக மாறும். பற்றரிக்கு மேலெல்லை 60 வீதம், விருப்பம் பலன்ஸ் பவர் என்று வைத்துப் பாருங்கள். ஆனால் திரை வெளிச்சத்தையும் குறையுங்கள். சும்மா வாசித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் புரொசெசர் பெரும்பாலும் தூக்கத்தில்தான் இருக்கும், அந்தத் தூக்கத்தைப் பார்ப்பது சிபியுஃப்ரெக் அல்ல, சிபியுஐடில் என்ற வேறு பகுதி. அப்போது பற்றரியைத் தின்பது திரைதான். மின்கட்டணம் குறையும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம், ஒரு லப்டொப்பில் மிச்சம் பிடிக்கும் சில வொட் மாதக் கட்டணத்தில் கண்ணுக்குத் தெரியாது.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று, யூபிஎஸ். லப்டொப்பை யூபிஎஸ்ஸில் செருகியிருந்தால் கரண்ட் போனாலும் லப்டொப்புக்கு அது தெரியாது, சுவரில் இருந்து மின்சாரம் வருகிறது என்றே நினைத்து முழு வேகத்தில் ஓடும். டெஸ்க்டொப்பிலும் இதே கதை. உங்கள் யூபிஎஸ்ஸில் யூஎஸ்பி தரவு வாய் இருந்தால் நட் என்ற தொகுப்பையோ ஏபிசியுபிஎஸ்டி என்ற கருவியையோ போடலாம். யூபிஎஸ் தன் பற்றரிக்கு மாறியதும் நீங்கள் எழுதிய சிறு ஸ்கிரிப்ட்டை அவை ஓட்டும். அந்த ஸ்கிரிப்ட்டில் மேலெல்லையைக் குறைக்கும் வரி ஒன்று, கரண்ட் வந்ததும் திரும்ப 100 ஆக்கும் வரி ஒன்று, அவ்வளவுதான். தரவு வாய் இல்லாத மலிவு யூபிஎஸ் என்றால் லப்டொப்பை அதில் செருகாமல் ரவுட்டரை மட்டும் அதில் விடுங்கள், லப்டொப் தன் பற்றரியில் ஓடட்டும்.

சிஸ் கோப்புறையில் எழுதுவது எல்லாம் கணினியை நிறுத்திப் போட்டால் போய்விடும். நிரந்தரமாக்க டிஎல்பியே போதும், அல்லது சிஸ்டம்டியில் பூட் நேரத்தில் ஒரு தடவை ஓடும் சேவை எழுதலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். உபுண்டுவின் மேல் மூலையில் பவர் சேவர், பலன்ஸ்ட், பெர்ஃபோமன்ஸ் என்று மூன்று தெரிவுகள் காட்டுவது பவர் புரொஃபைல்ஸ் டீமன். அதுவும் இதே கோப்புகளில்தான் எழுதுகிறது. அதையும் டிஎல்பியையும் ஒன்றாக ஓட விட்டால் ஒன்று எழுதியதை மற்றது அழிக்கும், நீங்கள் போட்டது நிற்கவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். எதையாவது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, ஆனாலும் வாசிக்கும் வேறு யாருக்காவது உதவும்: பற்றரியில் ஓடும்போது நன்றாக இருந்து, சார்ஜரைச் செருகினால் வேகம் 400 அல்லது 800 மெகாஹேர்ட்ஸில் சிக்கி, எந்தக் கவர்னருக்கும் அசையவில்லை என்றால் சார்ஜரைச் சந்தேகியுங்கள். சில லப்டொப்கள் சார்ஜரை அடையாளம் காண முடியாவிட்டால் புரொசெசரை வேண்டுமென்றே கட்டிப்போடும். பயோஸ் திரையில் அடாப்டர் வகை தெரியவில்லை என்று வந்தால் அதுதான் காரணம், கேர்னலில் தேட வேண்டாம்.

ஏஎம்டி ரைசன் வைத்திருப்பவர்களுக்கு ஏஎம்டி பிஸ்டேட் என்ற டிரைவர் 2022இல் கேர்னல் 5.17உடன் வந்தது. 6.3இல் இருந்து மேலே சொன்ன அதே வேக விருப்பக் கோப்பு அதிலும் உண்டு. பயோஸில் அந்த டிரைவருக்குத் தேவையான சிபிபிசி என்ற வசதி அணைந்திருந்தால் பழைய ஏசிபிஐ டிரைவரே ஓடும், அதில் பெரும்பாலும் மூன்று வேகப்படிகள்தான் கிடைக்கும். கிளவுட்டில் வாடகைக்கு எடுக்கும் மெய்நிகர் கணினிகளில் பொதுவாகச் சிபியுஃப்ரெக் கோப்புறைக்குள் எதுவும் இருக்காது, அங்கே வேகம் நம் கையில் இல்லை.

எதை மாற்றினாலும் முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். டர்போஸ்டாட் என்ற கருவியை ரூட்டாக ஓட்டினால் வேலையில் இருக்கும்போது உண்மையில் ஓடிய மெகாஹேர்ட்ஸ், சிப் முழுதும் இழுத்த வொட், வெப்பநிலை மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் வரும். வெப்பநிலை 100ஐத் தொடுகிறதா, வொட் 15இல் போய் ஒட்டிக்கொள்கிறதா என்று பார்த்தால் எந்த அதிகாரி உங்களை நிறுத்துகிறார் என்று தெரிந்துவிடும். அதை ஓடவிட்டபடியே உங்கள் புரொஜெக்டை முதலில் இப்போதுள்ள அமைப்பிலும், பிறகு மேலெல்லை 80 வீதத்திலும், ஒரே நேரப்பொழுதில், ஒரே அறையில் முழுதாகக் கொம்பைல் செய்து, டைம் கட்டளை சொல்லும் நேரத்தைக் குறித்து வையுங்கள். இடையில் கணினி ஆறுவதற்குக் கால் மணித்தியாலம் விடுங்கள். இரண்டு நேரமும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்தால் 80ஐயே நிரந்தரமாக்குங்கள். வெப்பநிலை அப்போதும் 100ஐத் தொட்டால் முதலில் ஹீட் சிங்க்கைத் துடைப்பிக்கக் கொடுங்கள், அதன்பின் திரும்ப அளந்து அந்த எண்களைச் சொல்லுங்கள், மேற்கொண்டு பார்க்கலாம்.